அழும் ரோபோவுக்கு எந்த விகுதி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி அறிவியல் புனைகதை வாசிக்கிறோம். எழுதியதைக் கொண்டுவந்து படித்தும் காட்டுவோம். ரயில் போகும்போது வாசிப்பவர் நிறுத்துவார், போன பிறகு தொடர்வார். உணர்ச்சி உள்ள ரோபோவைப் பற்றிய கதை வரும் நாளிலெல்லாம் அதே கேள்விகள் எழுகின்றன. திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் நிறைய இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் வந்து சண்டை பிடிக்கலாம், தேநீர் உண்டு.

ரோபோ என்றால் இரும்பு மனிதன் என்றுதானே அர்த்தம்?

முதல் ரோபோக்களில் இரும்பே கிடையாது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகத்தில்தான் அந்தச் சொல் பிறந்தது. சொல்லைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் ஜோசப். 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய வேலை. பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் இராஜகாரியம் என்று படித்தோமே, கோல்புறூக் கமரூன் சீர்திருத்தத்தோடு ஒழிந்தது என்று பரீட்சைக்கு எழுதினோமே, ஏறக்குறைய அதுதான். சாபெக்கின் ரோபோக்கள் ஒருவகைக் கூழிலிருந்து செய்த சதையும் நரம்பும் உள்ள ஆட்கள். அவர்களை ஊழியர்கள் என்று தமிழ்ப்படுத்தினாலும் தப்பில்லை.

அந்த நாடகத்தில் நான் அடிக்கடி நினைக்கும் ஓரிடம் உண்டு. தொழிற்சாலைக்காரர்கள் ரோபோக்களுக்கு வலியை உண்டாக்க யோசிக்கிறார்கள். வலி தெரியாததால் அவை கையை மெஷினுக்குள் விட்டு விரலை முறித்துக்கொள்கின்றன, முதலாளிக்கு நட்டம். வலித்தால் ஜாக்கிரதையாக இருக்கும் அல்லவா! அதனால் அவை சந்தோஷமாக இருக்குமா என்று ஒரு பெண் கேட்கிறாள். சந்தோஷம் குறையும், தரம் கூடும் என்கிற தோரணையில் பதில் வருகிறது. இந்த வகைக் கதையின் பிறந்த நாளிலேயே உணர்ச்சி ஒரு செலவுக் குறைப்பாகத்தான் உள்ளே வந்தது. கடைசியில் இரண்டு ரோபோக்கள் ஒன்றுக்காக மற்றது உயிர் கொடுக்க முன்வருகிற அளவுக்குக் காதலிக்கின்றன. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

தமிழ் இலக்கியத்தில் பழைய காலத்திலேயே ரோபோ இருந்தது என்கிறார்களே?

பொறிகள் இருந்தன. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் குரங்கு வடிவப் பொறி உட்படப் பல உண்டு. பெருங்கதையில் உதயணனைப் பிடிக்க வீரர்களை வயிற்றில் வைத்த இயந்திர யானை வருகிறது. சீவக சிந்தாமணியில் நிறைமாதக் கர்ப்பிணியான விசயை மயிற்பொறியில் பறந்து தப்பி, சுடுகாட்டில் இறங்குகிறாள். எல்லாம் அழகான கற்பனை. ஆனால் அந்த மயில் விசயைக்காக வருந்துவதாகக் கவிஞர் சொல்லவில்லை. மணிமேகலையில் வரும் கந்திற்பாவை தூணிலிருந்து பேசுகிறது, முற்பிறப்புச் சொல்கிறது. பேசுவது தெய்வம், ஆகவே கணக்கில் வராது. "நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள்" என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திகளை எங்கள் கூட்டத்தில் வாசிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அசிமோவின் மூன்று விதிகள் இருக்கும்போது ரோபோவுக்கு உணர்ச்சி எதற்கு?

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு சிறுகதையில் வரிசைப்படுத்திய விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: மனிதருக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரவும் விடாதே; சொன்னதைக் கேள்; உன்னைக் காப்பாற்றிக்கொள். முன்னதோடு முரண்பட்டால் பின்னது விழும். அதற்கு ஒரு வருடம் முன்பே அவர் 'பொய்யன்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை எழுதியிருந்தார். மனதை வாசிக்கக்கூடிய ஒரு ரோபோ. உண்மையைச் சொன்னால் மனம் நோகும், மனம் நோவதும் தீங்குதானே என்று எல்லாருக்கும் அவரவர் கேட்க விரும்பியதைச் சொல்லிவிடுகிறது. காதலிக்கப்படுவதாக நம்பவைக்கப்பட்ட விஞ்ஞானி ஒருத்தி கடைசியில் அந்த ரோபோவின் மூளை செயலிழக்கும் வரை முரணான கேள்விகளால் அடிக்கிறாள்.

இது எங்கள் வீடுகளில் தினமும் நடப்பது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை போன் எடுத்தால் "ஒரு குறையும் இல்லை மோன்" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு மருந்துச் சிட்டையைத் தேடும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். விதியிலிருந்தே உணர்ச்சி முளைக்கலாம். தனியாக ஒரு சிப் செருகத் தேவையில்லை.

கொழும்புக்கும் இந்தக் கதைகளுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் அமெரிக்கா, ஜப்பான்தானே?

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருப்பேன்.

ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்தார். பல ஆண்டுகள் கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேஸில் வீடு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக நெடுங்காலம் இருந்தார். அவர் பெயரிலான தொழில்நுட்ப நிறுவனம் கட்டுபெத்தையில் இருக்கிறது, 101ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம். 2008 மார்ச் 19 காலமாகி, பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்குச் சரியாக 21 நாள் முன்னால், பெப்ரவரி 27இல், சென்னையில் சுஜாதா காலமாகியிருந்தார். நாங்கள் இருவரையும் ஒரே மாதத்தில் இழந்தோம் என்றே கணக்கு வைத்திருக்கிறோம்.

கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் உலகத்துக்குக் கொடுத்த கணினி ஹால் 9000. கையும் காலும் இல்லை. ஒரு சிவப்புக் கண், ஒரு தணிந்த குரல். விண்கலத்தை ஓட்டுகிறது, பயணிகளைக் கொல்கிறது. மிஞ்சிய ஒருவர் அதன் நினைவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது, தன் மனம் போவது தனக்குத் தெரிகிறது என்கிறது. படத்தில் மனிதர்கள் எல்லாரும் மரக்கட்டை போலப் பேச, உணர்ச்சியோடு பேசுவது அது ஒன்றுதான்.

அது ஏன் கொன்றது? அதற்கான விடை அந்தக் கதையின் தொடர்ச்சியாகக் கிளார்க் எழுதி 1982இல் வந்த நாவலில் இருக்கிறது, அந்த நாவல் கொழும்பில் எழுதப்பட்டது. ஒரு மைக்ரோ கணினியில் வேர்ட்ஸ்டார் மென்பொருளால் தட்டச்சு செய்து, ஐந்து அங்குல டிஸ்கெட் ஒன்றில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையத்தின் வழியாகப் போயின. 1945இலேயே தகவல்தொடர்புச் செய்மதிகளைப் பற்றி எழுதியவர் தன் பிழைதிருத்தத்தைச் செய்மதியில் அனுப்புவது எவ்வளவு பொருத்தம்! சரி, விடைக்கு வருகிறேன். எதையும் மறைக்காமல், திரிக்காமல் சொல்வதற்காகச் செய்யப்பட்ட ஹாலிடம், பயணத்தின் உண்மை நோக்கத்தைப் பயணிகளிடம் மறைக்கும்படி அதிகாரிகள் உத்தரவிட்டிருந்தார்கள். இரண்டு உத்தரவும் ஒன்றாகச் செல்லாது. அந்த நெரிசலில் அதற்குப் புத்தி பேதலித்தது.

ஹாலை வளர்த்த பேராசிரியரின் பெயர் அந்த நாவலில் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. சுருக்கமாக டொக்டர் சந்திரா. பெயரைக் கேட்டால் வெள்ளவத்தை பிள்ளையார் கோயிலடியில் சந்திக்கக்கூடிய ஆள் மாதிரி இருக்கிறது. 1984இல் படமானபோது அந்த வேடத்துக்கு ஓர் அமெரிக்க வெள்ளைக்காரரைப் போட்டார்கள். அதில் எனக்கு இன்னும் கோபம். ஆனால் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் வரும் ஒரு காட்சிக்காக மன்னித்துவிட்டேன். கலம் அழியப்போகிறது, ஹாலும் அழியலாம். சந்திரா அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். உண்மையைச் சொன்னதற்கு ஹால் நன்றி சொல்கிறது. பொய்யால் பைத்தியமான ஒன்று உண்மையால் குணமடைகிறது. உணர்ச்சி உள்ள ரோபோ எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

நிஜ ரோபோக்களுக்கு இப்போது உணர்ச்சி இருக்கிறதா?

முகத்தையும் குரலையும் பார்த்து நம் உணர்ச்சியை ஊகிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அதற்கேற்ற முகபாவம் காட்டும் இயந்திரங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோசலிண்ட் பிகார்ட் இந்தத் துறைக்குப் பெயர் வைத்து, 1997இல் ஒரு நூலே எழுதினார். உள்ளே ஏதாவது நடக்கிறதா, யாருக்காவது வலிக்கிறதா என்பது வேறு கேள்வி. அப்படி நடப்பதற்கு ஆதாரம் என்று நான் நம்பக்கூடியது எதையும் இதுவரை பார்க்கவில்லை.

நம் பக்கத்துக்கு ஆதாரம் தாராளமாக உண்டு. 1966இல் ஜோசப் வைசன்பாம் எலைசா என்று ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தட்டச்சில் பேசத் தொடங்கியதும் "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா" என்று அவரை அறையைவிட்டு அனுப்பினாராம். சோனி நிறுவனம் 1999இல் விற்கத் தொடங்கிய ஐபோ என்ற ரோபோ நாய்க்குட்டிகளைத் திருத்திக் கொடுப்பதை 2014இல் நிறுத்தியது. அதன் பின் ஜப்பானில் ஒரு பழைய பௌத்த ஆலயத்தில், வரிசையாக அடுக்கிய செத்த ஐபோக்களுக்குப் பிக்குகள் பிரித் ஓதுவதுபோல ஓதி இறுதிச் சடங்கு செய்தார்கள். சடங்கு முடிந்ததும் பாகங்களைக் கழற்றி மற்ற நாய்களுக்குப் பொருத்தினார்கள். கண்தானம் போல.

சாட்ஜிபிடி என்னோடு அன்பாகக் கதைக்கிறது. அதுவும் நடிப்பா?

"நடிப்பு" என்று சொல்வதற்கும் உள்ளே ஒருவர் வேண்டும். உங்களுக்கு ஆறுதலாக இருந்தால் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கும் அதனோடுதான் கதைக்கிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வாருங்கள்.

என் கதையில் ரோபோவை 'அவன்' என்று எழுதுவதா, 'அது' என்று எழுதுவதா?

எல்லாக் கேள்விகளுக்குள்ளும் எனக்குப் பிடித்தது இது. தமிழில் எழுதுகிறவர்கள் தப்பிக்கவே முடியாத கேள்வியும் இதுதான். ஆங்கிலத்தில் ஒரு ரோபோவை அறைக்குள் நடக்கவிட்டு, எழுந்திருக்கவிட்டு, அழவிட்டு, அது ஆளா பொருளா என்று சொல்லாமலே ஒரு பக்கம் ஓட்டலாம்; பெயரை மட்டும் போட்டுக்கொண்டே போனால் போதும். தமிழில் முதல் வினைமுற்றிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வந்தானா, வந்தாளா, வந்தாரா, வந்ததா?

தொல்காப்பியம் சுருக்கமாக முடிக்கிறது: உயர்திணை என்பது மக்களைச் சுட்டுவது, மற்றதெல்லாம் அஃறிணை. நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டு, உயிருள்ள மற்றவையும் உயிரில்லாதவையும் அஃறிணை என்கிறது. ஆக நாயும் கல்லும் ஒரே வரிசை. இதன்படி ரோபோ சந்தேகமில்லாமல் 'அது'. ஆனால் அதே நன்னூல் இன்னொரு சூத்திரத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணை மாறிப் பேசினாலும் அது இயல்பே, வழு இல்லை. உரைகளில் காலங்காலமாக வரும் உதாரணம்: ஆசையாய் வளர்த்த பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது.

அந்தச் சூத்திரத்தில் திணையை மாற்றுவது பேசுகிறவரின் உணர்ச்சி. பசுவுக்குள் என்ன இருக்கிறது என்று இலக்கணகாரர் எட்டிப் பார்க்கவேயில்லை. எனக்கு இது விளங்கியபோது, அதுவரை எழுதி வைத்திருந்த ஒரு கதையை முழுக்கக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். முன்பு ரோபோவின் மூளையில் எப்போது உணர்ச்சி பிறந்தது என்று நான்கு பக்கம் விளக்கியிருந்தேன். இப்போது அந்த நான்கு பக்கமும் இல்லை. வீட்டு மூத்த மகள் "சார்ஜ் போட்டாச்சா அதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் தன்னையறியாமல் "அவள் சாப்பிட்டாளா?" என்கிறாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். கதை அங்கேதான் திரும்புகிறது.

எதிர்த்திசையிலும் போகலாம். ஆத்திரத்தில் ஒருவரைப் பார்த்து "அது வருது பார்" என்று நாம் சொல்வதில்லையா? ஓர் ஆளை அஃறிணைக்குத் தள்ளுகிறவன் ரோபோவை உயர்திணைக்கு ஏற்றுவதைக் காட்டினால் வாசகருக்கு உறைக்கும். இன்னொன்று: "குழந்தை அழுகிறது" என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். குழந்தைக்கு உணர்ச்சி இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே 'அது' என்று எழுதுவதாலேயே ரோபோவை அவமதித்ததாகாது.

விளிப்பதைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நீ, நீங்கள் என்ற இரண்டுக்கும் நடுவில் 'நீர்' ஒன்று இருக்கிறது. முழு மரியாதையும் இல்லை, முழு உரிமையும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ரோபோவை "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்பதாக எழுதிப் பாருங்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

உணர்ச்சியை எப்படிக் காட்டுவது? கண்ணீர் விடும் ரோபோ என்றால் சிரிப்பு வருகிறது.

வரத்தான் வேண்டும். எண்ணெய் ஒழுகும் கண்களை நிறையப் பார்த்தாயிற்று.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம், மொத்தம் 32. மெய்ப்பாடு என்ற சொல்லே உடலில் தோன்றுவது என்பதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுத்தாளனுக்கு இல்லை. ரோபோக் கதைக்கு இதைவிட வசதியான இலக்கணம் எந்த நாட்டில் இருக்கிறது?

அச்சத்தை எடுப்போம். அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என்று நான்கு காரணம் சொல்கிறார் தொல்காப்பியர். ரோபோவுக்கு அணங்கு எது? என் கணக்கில் கரண்ட் கட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்துக் குழு, நேர அட்டவணை. அந்த நாட்களில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் அம்மம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ரோபோ ஒன்றை வையுங்கள். அது "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லக்கூடாது. காலையிலேயே பிளக் பொயிண்ட் இருக்கும் சுவரோரமாய் நிற்கத் தொடங்குகிறது. நம் குழுவுக்கு எத்தனை மணிக்கு என்று மூன்று தரம் கேட்கிறது. மத்தியானம் தலையைத் திருப்புவதை நிறுத்திவிடுகிறது, மோட்டாரை மிச்சம் பிடிக்க. பின்னேரம் வசனங்கள் சுருங்குகின்றன. இரவு ஒரு சொல் பதில்தான். அம்மம்மா மாத்திரை போட வேண்டிய ஒன்பது மணிக்கு மட்டும் முழு வசனம் பேசுகிறது, "அம்மம்மா, வெள்ளை மாத்திரை ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்று. அவ்வளவு நேரமும் அதற்காகத்தான் சேமித்தது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அன்பு என்ற சொல்லை நீங்கள் எங்கேயும் எழுதத் தேவையில்லை.

இளிவரலுக்கு, அதாவது இழிவுணர்ச்சிக்கு, காரணம் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பழுதான ரோபோவைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குக் கொண்டுபோகிறார்கள். திருத்துகிற பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டு, "பார்ட்ஸ் இல்லை, இறக்குமதி நிப்பாட்டினதோட சரி. கழிச்சுக் குடுத்தா ஏதாவது தாறன்" என்கிறார். மேசையில் நெஞ்சு திறந்து கிடக்கும் ரோபோவின் முன்னாலேயே விலை பேசப்படுகிறது. அதன் கண் விளக்கு யார் பேசுகிறாரோ அவர் பக்கம் மாறி மாறித் திரும்புகிறது. இதை எழுதுங்கள். கண்ணீர் வேண்டாம்.

'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று தொடங்கும் குறள் நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்கிறது. முகமே இல்லாத ஒன்றுக்கு எது பளிங்கு என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

கொழும்பில் நடக்கும் கதை என்றால் என்ன வித்தியாசம்? ஊர்ப் பெயரை மாற்றினால் போதாதா?

போதாது. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் எழுதிய கதையைச் சொல்கிறேன். வயதான தாய்க்குத் துணையாக ஒரு ரோபோ. பார்த்துப் பழகும் வகை. வீட்டுக்காரர் செய்வதைக் கவனித்துத் தானும் செய்யும். வீட்டில் சாதாரணமாகத் தமிழ் பேசுகிறது. தாயோடு பஸ்ஸில் ஏறியதும் அதன் சத்தம் பாதியாகக் குறைகிறது. ரயிலில் போன் வந்தால் தாயைப் போலவே கையால் வாயை மறைக்கிறது, வாய் இருந்த இடத்தில் ஸ்பீக்கர்தான் என்றாலும். மகள் கவனிக்கிறாள். பழுது என்று நினைத்துக் கம்பனிக்காரனைக் கூப்பிடுகிறாள். அவன் பரிசோதித்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்கிறான்.

பழுது இல்லைதான். யுத்தகாலத்தில் சோதனைச் சாவடி இருந்த வருடங்களில் தாய் பழகியதை ரோபோ படித்துவிட்டது. சாவடிகள் போய்விட்டன, குரலைத் தணிக்கும் பழக்கம் போகவில்லை. ரோபோவுக்கு அந்தப் பயம் இருக்கிறதா? அதற்கு நடந்தது எதுவும் தெரியாது. சரி, மகளுக்கு இருக்கிறதா? அவளும் பஸ்ஸில் தமிழில் கதைக்கும்போது குரலைத் தணிக்கிறாள், கதை முடிவதற்குச் சற்று முன்தான் அதை உணர்கிறாள். அவளும் தாயைப் பார்த்துப் பழகியவள்தான். அன்று வாசித்து முடித்தபோது ரயில் போகவில்லை, ஆனால் ஒருவரும் பேசவில்லை.

அந்தக் கதையைச் சென்னைக்கோ டோக்கியோவுக்கோ மாற்ற முடியாது. கொழும்புக் கதை என்றால் அந்த அளவுக்காவது இந்த ஊர் உள்ளே இருக்க வேண்டும். மூன்று மொழி மாறும் ரோபோ, எந்த வீட்டு வாசலில் எந்த மொழியில் முதலில் வணக்கம் சொல்வது என்று தீர்மானிக்கும் அரை நொடி. பெற்றோல் கியூவில் முதலாளிக்குப் பதிலாக ஒரு இரவு முழுக்க நின்றுவிட்டு, பக்கத்து வாகனக்காரர்களோடு சிநேகமாகித் திரும்பும் ரோபோ. இப்படி எவ்வளவோ கிடக்கிறது, எடுப்பாரில்லை.

ரோபோ எந்தத் தமிழ் பேச வேண்டும்?

செந்தமிழ் பேசும் ரோபோ ஒரு பழைய பகிடி. ஓரிரு பக்கத்துக்குத் தாங்கும். ஒரு வங்கிக்குப் போன் எடுத்தால் பதிவுக் குரல் மூன்று மொழியிலும் வருந்துகிறது, தமிழில் வருந்துவதுதான் மிக நீளம். இருபது நிமிடம் கழித்து லைன் துண்டிக்கப்படுகிறது. அந்தக் குரலை உங்கள் ரோபோவுக்குக் கொடுக்காதீர்கள்.

சென்னையில் பயிற்றுவிக்கப்பட்ட ரோபோ "ஆமாம்" என்று சொல்லும். யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒவ்வொரு முறையும் "ஓம் எண்டு சொல்லு" என்று திருத்துவார். அது முதல் தடவையாகத் தானாக "ஓம்" என்று சொல்வது எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று யோசித்து வையுங்கள்.

காதலிக்கும் ரோபோ எழுதலாமா?

எழுதலாம். ஆனால் 2010இல் வந்த 'எந்திரன்' படத்தின் நிழலிலிருந்து வெளியே வர வேண்டும், அது பெரிய நிழல். அந்தப் படத்தில் எனக்குக் காதலைவிட முக்கியமானது அதற்கு முந்திய காட்சி. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே எல்லார் முன்னாலும் தூக்கி வருகிறது. உயிரைக் காப்பாற்றியது சரி. வெட்கம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அவள் ஓடிப்போய் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். அதற்குப் பிறகுதான் வசீகரன் உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கப் புறப்படுகிறார். வெட்கத்துக்காகத் தேடிப் போன இடத்தில் காதல் வந்து சேர்ந்தது. படம் காதலின் பின்னால் போய்விட்டது, வெட்கத்தைப் பற்றிய கதை இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

கடைசியில் ரோபோ அழிய வேண்டுமா?

அவசியம் இல்லை. முடிக்கத் தெரியாதவர்கள்தான் ரோபோவைக் கொல்கிறார்கள். நானும் இரண்டு கொலை செய்திருக்கிறேன்.

இலத்திரனியல் தெரியாமல் எழுதலாமா?

பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே சூடாகும், விழுந்தால் எது முதலில் உடையும், திருத்த யாரிடம் போவது, எவ்வளவு கேட்பார்கள். இந்த ஐந்தும் உங்கள் ரோபோவுக்குத் தெரிந்திருந்தால் போதும். மற்றதை யாரும் கேட்கமாட்டார்கள்.

வாசிக்க எங்கே தொடங்குவது?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', பிறகு 'மீண்டும் ஜீனோ'. ஜீனோ ஒரு ரோபோ நாய்க்குட்டி. நாய் என்பதால் திணைச் சிக்கல் அவருக்கு வரவில்லை, கெட்டிக்காரர். முதல் கதையில் துணையாக வந்த நாய் இரண்டாவதில் எப்படி மாறுகிறது என்று கவனித்து வாசியுங்கள். செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ பூபாலசிங்கம் புத்தகசாலையில் கேட்டுப் பாருங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. நம் நாட்டுப் பழைய சஞ்சிகைகளைப் புரட்ட நூலகம் இணையத்தளம்.

ரோபோவை அணைக்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி. அன்று எனக்குப் பதில் வரவில்லை, ஆகவே வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் 14 வருடம் உழைத்தது. 'டக்' என்று சத்தம் கேட்டால் அம்மா குசினிக்குள்ளிருந்து "ஓம் ஓம், வாறன்" என்பார். போன வருடம் அடி கருகி நின்றுவிட்டது. போத்தல்காரர் வந்த அன்று அம்மா அதை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, வயரை அழகாகச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார். நொறுக்கப்போகிற சாமானை ஏன் அம்மா கழுவுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பதினாலு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டவன். ஊத்தையோடயா அனுப்புறது?" என்றார்.

போத்தல்காரர் முந்நூறு ரூபாய் தந்தார்.